நிக்கலும் ஐதரசனும்: அதிரும் உலைகளும் மன்னாரின் மின்கணக்கும்

நிக்கல் தூளை ஐதரசன் வாயுவுக்குள் வைத்துச் சூடாக்கினால், கொடுத்த மின்சாரத்தைவிடக் கூடுதலான வெப்பம் திரும்பக் கிடைக்கும் என்ற கூற்று முப்பது ஆண்டுகளைக் கடந்தும் ஓயவில்லை. அதோடு இன்னொரு கூற்றும் சேர்ந்திருக்கிறது. உலை சும்மா கிடந்தால் போதாது, அதை அதிரவைக்க வேண்டும், சுற்றிலும் கம்பிச்சுருள் வைத்துக் காந்தப்புலத்தைத் துடிக்கவிட வேண்டும், அப்போதுதான் உள்ளே உறங்கும் தாக்கம் விழிக்கும் என்கிறார்கள். இதற்கும் மன்னாருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அதற்கு விலை கொடுப்பவர் யார் என்ற கேள்வி இலங்கையில் இன்று மிகக் கூர்மையாக எழும் இடம் மன்னார்தான். காற்றாலைகளுக்காகத் தன் நிலத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு தீவில், மேசை மேல் வைக்கக்கூடிய ஒரு பெட்டி ஊருக்கே மின்சாரம் தரும் என்று யாராவது சொன்னால், அதை நம்பத் தோன்றுவது இயல்பு. அந்த எதிர்பார்ப்புக்கு நேர்மையான பதில் தர வேண்டும். அதிர்வும் காந்தப்புலமும் நிக்கல்-ஐதரசன் தொகுதியை உண்மையாகவே பாதிக்கின்றன. அதில் ஐயம் இல்லை. ஆனால் அந்தப் பாதிப்பு மிகைச்சக்தியாகத் தெரிந்த இடங்களில், கணக்கின் எல்லையைச் சரியாக வரைந்தபோது மிகை சுருங்கியிருக்கிறது அல்லது மறைந்திருக்கிறது. அதே கண்டிப்போடு தேடினால், சிறியதானாலும் உண்மையான ஓர் ஆதாயம் வேறோர் இடத்தில் அகப்படுகிறது. அந்த இடம் மன்னாருக்கு அதிகம் பயன்படக்கூடியது.

முதலில் நிக்கலின் இயல்பு. அறை வெப்பநிலையில் காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படும் தூய உலோகங்கள் இரும்பு, கோபாற்று, நிக்கல் ஆகிய மூன்றே. காந்தப்புலத்துக்குள் வைத்தால் நிக்கல் நீளத்தில் சற்றுச் சுருங்கும். ஒரு மீற்றர் கோல் ஏறத்தாழ 35 மைக்ரோமீற்றர் குறையும். தலைமயிர் ஒன்றின் தடிப்பிலும் குறைவான அளவு அது. புலத்தின் திசையை மாற்றினாலும் சுருக்கமே நிகழும் என்பதால், 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டத்தில் நிக்கல் 100 ஹேர்ட்ஸில் அதிரும். நடுக்குடா கிரிட் உபநிலையத்திலோ வேறெங்கோ பெரிய ட்ரான்ஸ்போமர் ஒன்றின் அருகே கேட்கும் தாழ்ந்த முரலொலி, அதன் உருக்கு அகணியில் நடக்கும் இதே வகை விளைவுதான். ஜூல் 1842இல் இரும்பில் கண்டறிந்த இந்த விளைவை வைத்து, நிக்கலைக் கொண்டே மீயொலிக் கருவிகளும் கடலடியில் ஒலியனுப்பும் கருவிகளும் செய்தார்கள். ஆகவே நிக்கல் உலையைப் பொறுத்தவரை அதிர்வையும் காந்தப்புலத்தையும் இரண்டு தனித் தூண்டுதல்களாகப் பிரித்துப் பேச முடியாது. ஆடுகிற காந்தப்புலம் தன்னோடு அதிர்வையும் கொண்டுவரும். ஆனால் சுமார் 358 பாகை செல்சியஸைத் தாண்டினால் நிக்கல் அந்தக் காந்தத் தன்மையை இழந்துவிடும். பேசப்படும் உலைகள் பலவும் அதற்கு மேலான சூட்டில்தான் இயங்குகின்றன. ஐதரசன் தாராளமாக உட்புகுந்து நிக்கல் ஐதரைட்டு ஆகும்போதும் இந்தத் தன்மை போய்விடும். அதற்குச் சாதாரண அறை வெப்பநிலையில் ஆயிரக்கணக்கான வளிமண்டல அமுக்கம் வேண்டும். தன் கனவளவைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு ஐதரசனை எளிதாக விழுங்கும் பல்லேடியத்தோடு நிக்கலை ஒப்பிடுபவர்கள் இந்த வேற்றுமையைக் கவனிப்பதில்லை.

உலோகத்தில் புகுந்த ஐதரசனில் இப்படி மிகைவெப்பம் தேடும் துறையின் வரலாற்றில் நம் பக்கத்து நாட்டுக்கு ஒதுக்க முடியாத இடம் உண்டு. 1989 மார்ச் 23 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் பிளீஷ்மனும் பொன்ஸும், பல்லேடியத்தில் பாரநீரை மின்பகுத்தபோது அணுக்கரு இணைவு நடந்ததாக அறிவித்தார்கள். அப்போது மும்பை பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் பணிப்பாளராக இருந்தவர் பி.கே. ஐயங்கார். அவர் அந்தச் செய்தியை எள்ளி ஒதுக்கவில்லை; நிலையத்தின் பல குழுக்களை ஒரே நேரத்தில் இறக்கிவிட்டார். நியூத்திரன்களும் திரித்தியமும் தென்பட்டதாக அவர்கள் எழுதியவை, ஐயங்காரும் மகாதேவ ஸ்ரீனிவாசனும் தொகுத்த அறிக்கையாக அதே ஆண்டு டிசம்பரில் வந்தன. கல்பாக்கத்திலும் சோதனைகள் நடந்தன. 1992இல் ஜப்பானின் நகோயாவில் கூடிய மாநாட்டில், நிக்கல் மின்வாயைக் கொண்டு சாதாரண நீரில் கார உப்புகளைக் கரைத்து மின்பகுத்தபோதும் வெப்பமும் திரித்தியமும் தெரிந்ததாக ஸ்ரீனிவாசன் குழு அறிவித்தது. பின்னர் அந்த வேலை படிப்படியாக நின்றுபோனது. ஆனால் 2011 பெப்ரவரியில் இத்துறையின் பதினாறாவது சர்வதேச மாநாட்டைச் சென்னையில் கூட்டினார் ஸ்ரீனிவாசன். 2015இல் 'கரண்ட் சயன்ஸ்' இதழ் இதற்கென ஒரு சிறப்புப் பகுதியை வெளியிட்டது. இது வீண்பேச்சுக்காரர்களின் துறை மட்டும்தான் என்று சொல்பவர்கள் இந்தப் பெயர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் பெயர்களைக் கொண்டு வெப்பத்தை அளக்க முடியாது. நிக்கல்-ஐதரசன் வாயு உலைகளின் கதை இத்தாலியில் பியான்தெல்லி, போகார்டி, ஹாபெல் ஆகிய மூவரும் 1994இல் வெளியிட்ட கட்டுரையோடு தொடங்குகிறது. சூடாக்கிய நிக்கல் கோல் ஐதரசனை உள்வாங்கிய பின், அதே மின்வலுவில் முன்பைவிட உயர்ந்த வெப்பநிலையைக் காட்டியது என்றார்கள். ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகத்தில் ஒரு குழு அதே அமைப்பைக் கட்டிச் சோதித்து 1996இல் எழுதியது. அந்தக் கட்டுரையை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அது எதையும் மறைக்கவில்லை. வெப்பநிலை உயர்வை அவர்களும் கண்டார்கள். ஆனால் வெளியேறிய மொத்த வெப்பத்தை அளந்தபோது அது கூடவில்லை. சூடு பாயும் பாதை மாறியதால் வெப்பமானி இருந்த இடம் கூடுதலாகச் சூடேறியது, அவ்வளவே. பிறகு 2011 ஜனவரியில் பொலோஞ்ஞாவில் அந்திரேயா ரொஸ்ஸி தன் 'ஈ-கேட்' கருவியைக் காட்டினார். 2014இல் லுகானோவில் 32 நாட்கள் நடந்த சோதனை, கொடுத்ததைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வெப்பம் வந்ததாகச் சொன்னது. அந்த வெப்பம் அகச்சிவப்புக் கமெராவால் மதிப்பிடப்பட்டது. உலையின் வெளியுறையான அலுமினாவின் கதிர்வீச்சுத் திறனுக்கு கமெரா பார்க்கும் அலைவரிசைக்குப் பொருந்தாத பெறுமானத்தைக் கொடுத்ததால் வெப்பநிலை மிகையாகத் தெரிந்தது என்று விமர்சகர்கள் காட்டினார்கள். இறுதியாக கூகுளின் பணத்தில் சுமார் 30 ஆய்வாளர்கள் 2015 முதல் உழைத்து 2019 மே மாதம் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஐதரசன் சூழலில் சூடாக்கிய 420 உலோகத்தூள் மாதிரிகளில் ஒன்றிலும் மிகைவெப்பம் இல்லை.

அதிர்வையும் காந்தப்புலத்தையும் துணைக்கு அழைப்பவர்கள் இந்த இடத்தில்தான் நுழைகிறார்கள். அந்த 420 மாதிரிகளையும் யாரும் சரியாகத் தூண்டவில்லையே என்பது அவர்கள் வாதம். அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. எம்.ஐ.டி.யின் பீற்றர் ஹேகல்ஸ்டைன் பல ஆண்டுகளாக ஒரு கோட்பாட்டை வளர்த்துவருகிறார். படிக அமைப்பின் அதிர்வுகளோடு அணுக்கருவின் சக்தி பிணைந்து, பெரிய சக்தி மிகச் சிறிய பங்குகளாகச் சிதறி வெப்பமாகிறது என்பது அதன் சாரம். ஆனால் இதில் வரும் அளவுகளை எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். 20 கிலோஹேர்ட்ஸ் மீயொலியின் ஒரு சக்திச் சொட்டு, ஓர் இலத்திரன்வோல்ட்டின் 1,000 கோடியில் ஒரு பங்கையும் எட்டாது. ஒரு டெஸ்லா காந்தப்புலம் ஒரு புரோத்தனோடு கொள்ளும் சக்தி, ஓர் இலத்திரன்வோல்ட்டின் ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. நிக்கல் கருவை நெருங்கும் புரோத்தன் கடக்க வேண்டிய மின்விலக்குச் சுவரோ பல மில்லியன் இலத்திரன்வோல்ட். எண்ணற்ற சொட்டுகள் ஒரே தாளத்தில் சேர்ந்தால் முடியும் என்று கோட்பாடு சொல்கிறது. அப்படிச் சேர்வதைக் காட்டும் பொறுப்பும் அதனுடையதே. இன்னொன்று. நிக்கல்-62 ஒரு புரோத்தனை ஏற்றுச் செம்பு-63 ஆனால் 6.1 மில்லியன் இலத்திரன்வோல்ட் வெளிப்படும். அந்த வழியில் ஒரே ஒரு வாட் வெப்பம் கிடைக்க, விநாடிக்கு ஒரு இலட்சம் கோடி தாக்கங்கள் நடக்க வேண்டும். அவற்றுக்குரிய கதிர்வீச்சு சாதாரண கருவியில்கூடத் தப்பாமல் தெரிந்திருக்கும்.

வாதத்தை இதோடு முடித்துவிடலாம். ஆனால் 'ஏன் நடக்காது' என்பதைவிட 'ஏன் நடந்ததாகத் தோன்றியது' என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதிர்வும் காந்தப்புலமும் உலையை எவ்வளவு பாதிக்குமோ அதைவிட அதிகமாக அளவுகருவியைப் பாதிக்கும். இத்தகைய உலைகளில் வெப்பநிலையை அளக்கப் பெரும்பாலும் பயன்படுவது கே வகை வெப்ப இணை. அதன் இரு கம்பிகளும் நிக்கல் கலப்புலோகங்கள்; அலுமெல் என்ற கம்பி காந்தத்தால் ஈர்க்கப்படுவது. அதாவது உலையில் எந்த உலோகத்தைத் தூண்டுகிறார்களோ அதே உலோகத்தைக் கொண்டுதான் அளக்கவும் செய்கிறார்கள். இந்த இணை பாகைக்கு வெறும் 41 மைக்ரோவோல்ட் தருகிறது. கம்பி ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பில் வளைந்து கிடக்கிறது, அதன் ஊடே 50 ஹேர்ட்ஸில் 10 மில்லிடெஸ்லா புலம் ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூண்டப்படும் மின்னழுத்தம் 300 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும். 7 பாகைக்கு மேற்பட்ட போலி வெப்பநிலை அது. ஆடலோட்டம் ஆதலால் சராசரியில் அழிந்துவிடும் என்பார்கள். கருவி இரு திசையையும் ஒரே சீராக வாசிக்கும்வரைதான் அது உண்மை. சுருளுக்குச் செல்லும் மின்சாரமோ ஒழுங்கான அலையாக இல்லாமல் துண்டுதுண்டான துடிப்புகளாக இருந்தால், சாதாரண மானி அதைக் குறைத்து வாசிக்கக்கூடும். உள்ளே போனதைக் குறைத்தும் வெளியே வந்ததைக் கூட்டியும் எழுதினால் மிகைச்சக்தி தானாகவே பிறந்துவிடும். அதிர்வுக்கும் தனி வழி இருக்கிறது. குலுக்கிய தூள் படிந்து இறுகும். ஐதரசன் காற்றைவிட ஏழு மடங்கு வெப்பத்தைக் கடத்தும் வாயு என்பதால் தூளின் இடைவெளிகள் மாறும்போது சூடு பாயும் பாதையும் மாறும். சேர்ன் குழு கண்ட அதே கதைதான் இது. டெஃப்காலியன் என்ற நிறுவனம் 2013இல் தன் உலையருகே 1.6 டெஸ்லா வரை காந்தப்புலம் எழுந்ததாகச் சொன்னது. மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. இயந்திரம் கொண்ட புலம் அவ்வளவு. அந்த அறையில் இரும்புக் கருவி எதுவும் மேசையில் நிற்காது. அவர்களுடைய மிலான் செயல்விளக்கத்தில் நீரோட்ட மானியே பிழையாக வாசித்திருக்கலாம் என்று அதில் பங்கேற்ற பௌதிகவியலாளர் ஒருவர் மறு ஆண்டே அறிக்கை எழுதினார்.

இவற்றையெல்லாம் பழைய அறிவியலின் பிடிவாதம் என்று சொல்வோர் உண்டு. அந்தக் குற்றச்சாட்டு பொருந்தவில்லை. மும்பையில் ஒரு தேசிய ஆய்வகம் கதவைத் திறந்துவிட்டது, ஜெனீவா திறந்தது, கூகுள் பணம் கொட்டியது, 2023இல் அமெரிக்க எரிசக்தித் திணைக்களமே இத்துறைக்கு ஒரு கோடி டொலர் ஒதுக்கியது. இவ்வளவு பேர் கேட்கவும் சோதிக்கவும் முன்வந்த பிறகும், ஒருவர் காட்டியதை இன்னொருவர் தன் இடத்தில் திரும்பச் செய்து காட்ட முடியவில்லை. தேடுவோர் தேடட்டும், அது நல்லதே. ஒரு நாட்டின் எரிசக்தித் திட்டத்தில் அதற்கு இடம் கொடுப்பது மட்டும் கூடாது.

நிக்கலும் ஐதரசனும் அன்றாடம் சந்திக்கும் வேறோர் இடம் உண்டு. கார நீரை மின்பகுத்து ஐதரசன் எடுக்கும் கலங்களின் மின்வாய் நிக்கல்தான். பல தசாப்தங்களாகத் தொழிற்சாலைகளில் ஓடும் முறை அது. இலங்கை 2023இல் வெளியிட்ட தேசிய ஐதரசன் வழிவரைபடம் இத்தகைய கலங்களையும் கடற்கரைக் காற்றையும் இணைத்தே பேசுகிறது. அதற்குக் காரணமும் உண்டு. மன்னார்த் தீவின் தென்கரையில் மின்சார சபை 2020 டிசம்பரில் இயக்கத் தொடங்கிய தம்பபவனியில் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட். சோளகம் பலமாக வீசும் மே முதல் செப்டெம்பர் வரை அவை நன்றாக ஓடுகின்றன. ஆனால் காற்று வீசும் நேரமும் நாடு மின்சாரம் கேட்கும் நேரமும் ஒன்றல்ல. 2025 சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் மின்தேவை குறைந்தபோது கூரை மேல் சூரிய மின்தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்க வேண்டி வந்தது. மிஞ்சும் மின்சாரத்தை வைக்க இடமில்லை என்பதே அதன் பொருள். ஐதரசன் அப்படி ஓர் இடமாகலாம்.

அந்தக் கலங்களில் அதிர்வும் காந்தப்புலமும் என்ன செய்கின்றன என்பதற்கு ஆய்வகங்களில் நல்ல சான்று இருக்கிறது. ஸ்பெயினின் தரகோனாவில் ஒரு குழு, நிக்கல் கலந்த காந்த ஒட்சைட்டு பூசிய மின்வாய்க்கு அருகே வெறும் நிலைக்காந்தத்தைக் கொண்டுபோனபோது மின்னோட்டம் இரட்டிப்புக்கு மேல் ஏறியதாக 2019இல் 'நேச்சர் எனர்ஜி' இதழில் காட்டியது. இரட்டிப்பு என்றவுடன் பாதி மின்சாரம் மிச்சம் என்று செய்தி எழுதிவிடத் தோன்றும். கணக்கு வேறு. ஒரு கிலோ ஐதரசன் எடுக்க, கலத்தின் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 26.6 அலகு மின்சாரம் செல்லும். கலம் 1.85 வோல்ட்டில் ஓடினால் 49 அலகு. இழப்பே இல்லாத 1.48 வோல்ட்டில் 39.4 அலகு. வினைவேகம் மட்டுமே தடையாக உள்ள ஒரு மின்வாயில், மின்னோட்டத்தைப் பத்து மடங்காக்க 60 மில்லிவோல்ட் தேவைப்படுகிறது என்று கொண்டால், இரட்டிப்பின் பெறுமதி 18 மில்லிவோல்ட். கிலோவுக்கு அரை அலகு, நூற்றுக்கு ஒன்று. தம்பபவனியின் ஒரு காற்றாலை முழு வலுவில் ஒரு மணி நேரம் ஓடித் தரும் 3,450 அலகில் சுமார் 70 கிலோ ஐதரசன் எடுக்கலாம். காந்தம் வைத்தால் அதோடு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சேரும். இதை நான் இழிவாகச் சொல்லவில்லை. நிலைக்காந்தம் மின்சாரம் கேட்பதில்லை. இருபது ஆண்டுகள் ஓடும் ஒரு நிலையத்தில் நூற்றுக்கு ஒன்று பெரிய தொகை. சூடான கார நீர் காந்தத்தை அரிக்காமல் காப்பதற்கான செலவு அதைத் தின்றுவிடாமல் இருந்தால் மட்டும்.

தரகோனாச் சோதனைக்கு ஓராண்டு முன், 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வேறு வழியைக் காட்டினார்கள். நிக்கல் உறையிட்ட இரும்புக் காபைட்டு நுண்துகள்களை உயர்மீடிறன் காந்தப்புலத்தால் உள்ளிருந்தே சூடாக்கியபோது, ஒட்சிசன் பக்கத்தில் 200, ஐதரசன் பக்கத்தில் 100 மில்லிவோல்ட் குறைந்தது. கிலோவுக்கு எட்டு அலகு மிச்சம் போலத் தெரியும். ஆனால் அதை அளந்த வோல்ட்மானி கலத்தின் இரு முனைகளுக்கு இடையே மட்டும் பார்க்கிறது. காந்தச் சுருளுக்கு வேறொரு கம்பி வழியே போகும் மின்சாரம் அதன் கண்ணில் படாது. உலையில் எழுந்த அதே எல்லைக் கேள்வி இங்கும் எழுகிறது. அதிர்வின் பக்கம் மெல்பர்னின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2022இல் செய்ததை எடுத்துக்கொள்ளலாம். 10 மெகாஹேர்ட்ஸ் ஒலியலை மின்வாயில் ஒட்டும் குமிழிகளை அகற்றியது. மின்னோட்டம் 14 மடங்கு கூடியது. ஆனால் அவர்கள் ஒலிக்குச் செலவான சக்தியையும் உள்ளே சேர்த்து, நிகர மிச்சம் 27 வீதம் என்று தெளிவாக எழுதினார்கள். பதினான்கு மடங்குக்கும் இருபத்தேழு வீதத்துக்கும் உள்ள தூரமே எல்லையைச் சரியாக வரைவதன் பயன். அதுவும் நடுநிலைக் கரைசலில், தங்க மின்வாயில் கிடைத்த பேறு. கார நீரில் நிக்கல் ஏற்கெனவே நன்றாக வேலை செய்வதால் அங்கே இவ்வளவு மிச்சத்தை எதிர்பார்க்க முடியாது. காற்றாலைக் கோபுரத்தின் அதிர்வை இலவசமாகப் பயன்படுத்தலாமே என்ற யோசனையும் கைகூடாது. அந்தக் கோபுரத்தின் பெரிய ஆட்டங்கள் விநாடிக்கு ஒரு தடவையைக்கூடத் தொடாதவை; குமிழிக்கு அவை தெரியாது.

எல்லையை இன்னும் ஒரு படி அகற்ற வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரத்தின் 70 கிலோ ஐதரசனுக்குச் சுமார் 625 லீற்றர் தூய நீர் போகும். கடல்நீரை உப்பகற்ற மூன்று நான்கு அலகு மின்சாரம் போதும் என்பதால் சக்திக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் நன்னீர்க் கிணறுகளை நம்பியிருக்கும் தாழ்ந்த மணல் தீவில், நீரை எங்கே எடுப்பது, செறிந்த உப்புநீரைப் பேசாலைக் கரையிலா தாழ்வுபாட்டுக் கரையிலா விடுவது என்பது பெரிய கேள்வி. காற்றாலைகளுக்குப் போட்ட பாதைகளும் தளங்களும் மழைநீர் வடியும் வழியை மறித்ததாக மக்கள் முறையிடுகிறார்கள். வலசைப் பறவைகளின் பாதை பற்றிச் சூழலியலாளர்கள் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். மன்னாரில் 250 மெகாவாட் நிறுவ இருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. அந்த ஓகஸ்டில் புதிய காற்றாலைகளை எதிர்த்து மன்னார் நகரம் தெருவில் நின்றது. பௌதிகவியல் கட்டுரையில் இவை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். சுருளின் மின்சாரத்தைக் கணக்கில் விட்டுவிட்டவரும், வெள்ளம் நின்ற வளவைக் கணக்கில் விட்டுவிட்டவரும் செய்தது ஒரே பிழை என்பது என் எண்ணம். இரு இடத்திலும் விடுபட்ட செலவே இலாபமாகத் தெரிகிறது.

செய்யத்தக்க வேலை ஒன்று அருகிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ளது. மன்னாரிலிருந்து பூநகரி வழியாகப் போய்வரும் தூரம்தான். அங்கே இரண்டு சிறு மின்பகுப்புக் கலங்களை ஒரே அச்சில் செய்து, ஒன்றுக்கு உண்மையான காந்தமும் அதிர்வியும், மற்றதற்கு அதே எடையும் அதே வடிவமும் கொண்ட உயிரற்ற பொம்மையும் பொருத்தலாம். எது எது என்பது அளப்பவருக்குத் தெரியக் கூடாது. சுருள், அதிர்வி, பம்பி, குளிரூட்டி எல்லாம் ஒரே மின்மானியின் பின்னால் வர வேண்டும். வெப்பநிலையைக் காந்தம் தொடாத ஒளியிழை உணரியால் எடுக்க வேண்டும். வெளிவரும் ஐதரசனை மின்னோட்டத்திலிருந்து ஊகிக்காமல் நேரடியாக அளக்க வேண்டும். சோளகக் காலத்துத் தம்பபவனியின் ஏற்ற இறக்கத்தை அப்படியே உள்ளீடாகக் கொடுத்து, ஒரு பருவம் முழுக்க ஓடவிட வேண்டும். மின்சாரம் ஏறியிறங்கும்போது குமிழியும் ஏறியிறங்கும் என்பதால், நிலையான மின்னோட்டத்தில் எடுத்த ஆய்வக எண்கள் மன்னாருக்குப் பொருந்துமா என்பது அதில்தான் தெரியும். வாயு உலைக்காரர் யாரேனும் வந்தால் அவருடைய நிக்கல் தூளையும் அதே மின்மானியின் பின்னால், அதே பொம்மையோடு வைத்துப் பார்க்கலாம். கிடைக்கும் எண்கள், ஒரு வீதமோ பூச்சியமோ, மன்னாரில் ஐதரசன் நிலையம் கட்ட வருபவரின் முதல் வரைபடம் மேசைக்கு வருவதற்கு முன் பிரதேச செயலகத்திலும் கடற்றொழிலாளர் சங்கங்களிலும் தமிழில் இருக்க வேண்டும்.